பதினான்காவது கேள்வி

எங்கள் தோல் கம்பெனிக்கு ஆர்டர் தருகிற வெளிநாட்டு பையர் (வாங்குபவர்) நிரப்பித் தரச் சொல்லி ஒரு கேள்விப் படிவம் அனுப்பியிருந்தார். அந்தப் பாரத்தின் முதல் பக்கம் சுலபமாக இருந்தது. மிங்க், நரி, சின்சில்லா, முயல் இவற்றின் ரோமத் தோல் உங்கள் தயாரிப்பில் உண்டா? இல்லை. பாம்பு, முதலைத் தோல்? இல்லை. ரோமத்துக்காக மட்டும் கூண்டில் வளர்க்கப்படும் எந்த விலங்கிலிருந்தாவது எதையாவது வாங்குகிறீர்களா? இல்லை. மனசாட்சி உறுத்தாமல் வரிசையாக டிக் போட்டுக்கொண்டு போனேன். மிங்க், நரி, சின்சில்லா ரோமத் தோல்களையும் ஊர்வனவற்றின் தோல்களையும் நம் நாட்டுக்குள் கொண்டுவரவே 2017 ஜனவரியில் தடை வந்துவிட்டது. குளிர்கால பூட்ஸுக்கு உள்ளே வைக்கிற பஞ்சு மாதிரியான துணியும் செயற்கை இழைதான்.

பதினான்காவது கேள்வியில் பேனா நின்றது. உங்களுக்குத் தோல் தரும் விலங்குகள் வளர்ப்பின்போதும், ஏற்றிச் செல்லும்போதும், அறுக்கப்படும்போதும் கொடுமைக்கு ஆளாகவில்லை என்று உறுதி கூறுகிறீர்களா? ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று கட்டங்கள். கீழே குறிப்பு எழுத இரண்டு வரி இடம்.

தோல் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங், அதாவது பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை பார்க்கிற யாருக்கும் பாரம் புதிதல்ல. 1990களில் புற்றுநோய் அபாயமுள்ள அஸோ வகைச் சாயங்கள் சிலவற்றை ஜெர்மனி தடை செய்தபோது ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் பட்ட பாட்டைச் சீனியர்கள் இன்றும் சொல்வார்கள். 1996-ல் பாலாறு வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டு, கழிவுநீரைச் சுத்திகரிக்காதவர்கள் தொழில் நடத்தக்கூடாது என்றது. அதெல்லாம் அளக்க முடிந்த விஷயங்கள். அடையாற்றில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு துண்டை அனுப்பினால் ரிப்போர்ட் வரும், அதைப் பாரத்தோடு இணைத்துவிடலாம். ஒரு எருமை லாரியில் எப்படி வந்தது என்பதற்கு எந்த லேபில் ரிப்போர்ட் வாங்குவது?

பாரத்தை எடுத்துக்கொண்டு, தோலைத் தரம் பிரிக்கிற செலக்ஷன் மேஸ்திரியிடம் போனேன். ஏன் போனேன் என்பதை இப்போதும் யோசிக்கிறேன். மேனேஜரிடம் போயிருந்தால் "போன வருஷம் என்ன போட்டோமோ அதையே போடு" என்று சொல்லியிருப்பார், அத்தோடு முடிந்திருக்கும். போன வருஷப் பாரத்தில் இந்தக் கேள்வி இல்லை என்பது வேறு விஷயம்.

மேஸ்திரி அப்போது எருமைத் தோல் லாட் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். வெட் ப்ளூ நிலையில், ரோமம் போய் நீலமாக நனைந்திருக்கிற தோலில் எல்லாம் தெரியும். மேசைமேல் விரித்து, ஒரு தடவை கையால் நீவிவிட்டு, "அஞ்சு", "ஆறு", "ரிஜெக்ட்" என்று சொல்லிக்கொண்டே போவார். கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த தோலை என் பக்கம் திருப்பிப் போட்டார்.

"இது உண்ணி. இது முள்ளுக் கம்பி. இது சூடு போட்டது, சின்னக் கன்னா இருக்கச் சொல்லோ போட்டிருப்பான். இது தார்க்குச்சி, பாருங்க, ஒரே எடத்துல எத்தினி வாட்டி குத்திக்கிறான்னு. இதெல்லாம் ஆறின கீறலு." அப்புறம் இடுப்புப் பக்கம் நீளமாக ஓடிய ஒரு கோட்டில் விரலை வைத்தார். "இது ஆறல."

ஆறின கீறலில் தோல் மூடி, வடு தடித்துப்போயிருக்கும். ஆறாத கீறலில் மேல்தோல் திறந்தபடியே இருக்கும். ஆறுவதற்கு மாட்டுக்கு நாள் கிடைக்கவில்லை என்று அர்த்தம். லாரிப் பலகையிலோ, ஆணியிலோ, நெருக்கத்தில் பக்கத்து மாட்டுக் கொம்பிலோ கடைசிப் பயணத்தில் பட்டது. செலக்ஷன் மேசையில் நின்ற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம், கிரேடு வைத்திருக்கிறோம், விலையில் எவ்வளவு குறைப்பது என்று கணக்கு வைத்திருக்கிறோம். அதை ஒரு மாட்டுக்கு வலித்த இடமாக நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்போ என்ன எழுதட்டும்ணா?" என்றேன்.

"இன்னா வேணா எழுதுங்க தம்பி. ஆனா என்னைக் கேட்டு எழுதுனேன்னு மட்டும் எழுதாதீங்க."

இந்த ஒரு வரியைத்தான் நான் இன்னும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டேன். வேலை போய்விடும், பேர் கெட்டுவிடும் என்கிற பயம். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் அவர் முகத்தில் பயம் இருக்கவில்லை. தை பிறந்தால் எருது விடும் விழாவுக்கு ஓடுகிற காளை ஒன்றை அவர் வீட்டில் வளர்க்கிறார். அதற்குப் பருத்திக்கொட்டை ஆட்டிவைத்துவிட்டுத்தான் காலை ஷிப்டுக்கு வருவார். அந்தக் காளையின் மேல் ஒருவன் குச்சியை ஓங்கினான் என்பதற்காக வாடிவாசல் பக்கத்திலேயே சண்டை போட்டவர் என்று சொல்வார்கள். அவர் ஒரு நாளைக்குக் கைவைத்து நீவுகிற தோல்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் எங்கே குத்தினார்கள், எங்கே உரசியது என்று வாய்விட்டுச் சொல்ல அவரால் முடியும். சொல்லாமல் நம்பர் மட்டும் சொல்கிறார். நான் அந்த நம்பரைப் பிரித்து உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வெளிநாட்டுக்காரனுக்கு எழுதப்போகிறேன் என்றதும், அதில் தன்னைச் சேர்க்காதே என்றார். அது கோபமாகவும் இருக்கலாம். இத்தனை வருஷம் கேட்காததை இன்றைக்கு எவனோ கேட்டான் என்று வந்து கேட்கிறாயே என்கிற கோபம். அது நியாயமான கோபம்தான்.

நான் "தெரியாது" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கீழே இருந்த இரண்டு வரியில், தோல் மண்டிக்கு அப்பால் எங்களால் தடம் பிடிக்க முடியவில்லை என்றும், எருமைத் தோல்களில் ஏற்றிச் செல்லும்போது பட்டது போன்ற புதிய கீறல்கள் காணப்படுகின்றன என்றும் எழுதினேன். மேஸ்திரியைக் குறிப்பிடவில்லை. மேனேஜர் படித்துப் பார்த்து, "இதெல்லாம் தேவையா?" என்றார். பிறகு, "சரி, அனுப்பு" என்றார். அவர் ஏன் சம்மதித்தார் என்பதும் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பையரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி, எருமைத் தோல் பூட்ஸ் ஆர்டரைப் பண்ணைவரை தடம் காட்டக்கூடிய வேறொரு சப்ளையருக்கு மாற்றுகிறோம், ஆட்டுத் தோல் லைனிங் தொடரும். அந்த சீசனில் பூட்ஸின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கிற பிரிவில் ஓவர்டைம் நின்றது. கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்கள் அவர்கள். ஓவர்டைம் என்பது அவர்களுக்கு உபரிப் பணம் அல்ல, சீட்டுப் பணம், பள்ளிக்கூட ஃபீஸ்.

"ஆம்" என்று எழுதியிருக்கலாமா? பக்கத்துக் கம்பெனிகளில் எழுதியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோலுக்காக யாரும் மாட்டை வெட்டுவதில்லை, கறிக்காக வெட்டுகிறார்கள், நாம் மிச்சத்தை வீணாக்காமல் எடுக்கிறோம் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற வாதம். மிங்க்குக்கு அப்படியொரு வாதம் கிடையாது. அதன் உயிர் முழுக்கத் தோலுக்காகவே. 2020-ல் கொரோனா பரவும் என்று டென்மார்க்கில் பண்ணை மிங்க்குகளை ஒன்று விடாமல் அழிக்க முடிவெடுத்தபோது எண்ணிக்கை ஒன்றரைக் கோடியைத் தாண்டியது. ஒரு சின்ன நாட்டில் அத்தனை உயிர் கம்பிக் கூண்டுக்குள் இருந்தது என்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அதைப் படித்தபோது நம் தொழில் அப்படி இல்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. செலக்ஷன் மேசையில் நின்ற பிறகு அந்த நிம்மதி முழுசாக இல்லை. கறிக்காகத்தான் வெட்டினார்கள், சரி. ஆனால் மாட்டை வாங்கும்போதே வியாபாரி தோலுக்கு வருகிற காசையும் சேர்த்துத்தானே கணக்குப் போடுகிறார்? அந்தப் பயணத்துக்கு நாங்களும்தான் கொஞ்சம் காசு கொடுக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைப் பக்கம் போனவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு சரக்கு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 1978-ம் ஆண்டு விதி சொல்கிறது. நெடுஞ்சாலையில் போகிற வண்டிகளை எண்ணிப் பார்த்தாலே போதும். பிடிபட்டாலும் என்ன? ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடி, அதன் பலனாக வந்த 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகளாக அந்தத் தொகை மாறவில்லை. ஒரு டீயும் வடையும் வாங்கினால் முடிந்துபோகிற காசுக்காக எந்த டிரைவர் இரண்டு டிரிப் அடிக்கப்போகிறார்?

நல்ல தோலுக்கு நல்ல விலை என்பதால் கீறல் படாமல் ஏற்ற வியாபாரிக்கே அக்கறை வரும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது, நடப்பது வேறு. மண்டியில் எல்லா ஊர்த் தோலும் ஒன்றாகச் சேர்ந்து உப்புப் போட்டு அடுக்கப்படுகிறது. பிறகு அளவு பார்த்து, எடை பார்த்துப் பிரிக்கிறார்கள். பொய்கையில் ஏறியது எது, ஆந்திராவிலிருந்து வந்தது எது என்பது உப்பு போட்ட அன்றே மறைந்துவிடுகிறது. நாங்கள் கீறலுக்காகக் குறைக்கிற விலை மண்டிக்காரர் தலையில் விழுகிறது, லாரிக்காரரிடம் போவதே இல்லை. அப்புறம் அந்தத் தோலை நாங்கள் என்ன செய்கிறோம்? மேலே தேய்த்து, நிறம் ஏற்றி, தட்டில் அழுத்தி வேறொரு கிரெயினை, அதாவது மேற்பரப்பு வரிகளைப் பதிக்கிறோம். வடு இருந்த இடம் தெரியாது. எங்கள் கைத்திறமையில் பாதி இதுதான். பெருமைப்பட்ட திறமையும்கூட.

கூடவே இன்னொரு தயக்கமும் எனக்கு உண்டு. இந்தக் கேள்வி யாருடையது? 2000-ல் பீட்டா அமைப்பு இந்திய மாடுகள் ஏற்றிச் செல்லப்படும் விதத்தைப் படம் பிடித்துக் காட்டியது. வால் முறிப்பதும் கண்ணில் மிளகாய் தேய்ப்பதும் அதில் வந்தன. வெளிநாட்டு நிறுவனங்கள் பல இந்தியத் தோலை நிறுத்தின. 2017 ஜனவரியில், அந்த ரோமத் தடை வந்த அதே மாதத்தில், ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடே தெருவில் உட்கார்ந்தபோது வேலூரில் நானும் போய் உட்கார்ந்தேன். பீட்டா என்ற பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் கொதித்தது, எனக்கும்தான். எங்கள் மாட்டைப் பற்றி எங்களுக்குச் சொல்ல இவர்கள் யார் என்று கேட்டோம். இன்றும் அந்தக் கேள்வியை முழுசாக விட என்னால் முடியவில்லை. ஆனால் ஆறாத கீறலை எனக்குக் காட்டியது பீட்டா இல்லை. வீட்டில் காளை வளர்க்கிற எங்கள் மேஸ்திரிதான் காட்டினார். வெளியிலிருந்து வந்த கேள்விதான் என்னை அவரிடம் அனுப்பியது என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஒரு நாள் ஒரு பக்கம் சாய்கிறேன், மறுநாள் மறுபக்கம்.

சந்தை வாரியாகத் தோலைத் தனியாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு சீட்டு வைக்க முடியுமா என்று எங்கள் மண்டிக்காரரிடம் கேட்டிருக்கிறேன். இடம் வேண்டும், உப்பு வேண்டும், கூலி வேண்டும், யார் கொடுப்பது என்றார். நியாயம்தான். அடுத்த சீசன் செலவுக் கணக்கில் அதற்கென்று ஒரு வரி சேர்த்து மேனேஜரிடம் கொடுத்திருக்கிறேன். போன பையர் இதற்காகத் திரும்பி வரப்போவதில்லை என்கிறார். சீட்டு இருந்தால் எந்தச் சந்தைத் தோலில் ஆறாத கீறல் அதிகம் என்றாவது தெரியும், தெரிந்தால் அந்த லாரிக்காரரிடம் பேசலாம் என்று சொல்லிப் பார்த்தேன். பைலை மூடவில்லை, அதுவரை சரி.

தையல் பிரிவில் இருக்கிற ஒரு அக்கா போன வாரம் கேட்டார், "சார், அந்த பூட்ஸ் ஆர்டர் இனிமே வராதா?" காரணத்தை மறைக்காமல் சொன்னேன். அவர் வீட்டில் இரண்டு கறவை எருமைகள் உண்டு. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்போ அந்த மாடுங்கள நல்லபடியா ஏத்துறாங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

"அப்போ எங்களுக்கும் போச்சு, அதுக்கும் ஒண்ணும் ஆவல."

ஆம் என்று எழுதியிருந்தாலும் மாடுகள் அப்படித்தான் போயிருக்கும் என்றேன். அதோடு, மாடு நன்றாக வந்தது என்று என் கையெழுத்தில் ஒரு காகிதம் இருந்திருக்கும், அதற்கப்புறம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். தலையாட்டினார். ஓவர்டைம் எப்போது திரும்ப வரும் என்று கேட்டார். அதற்கு என்னால் ஒரு தேதி சொல்ல முடியவில்லை.