பகலில் தெரிந்த விண்மீனும் சீன அரசவைக் குறிப்பும்

மார்கழி, தை மாத முன்னிரவுகளில் திருவொற்றியூர் மொட்டை மாடியிலிருந்து கிழக்கே கடல் பக்கம் பார்த்தால், எண்ணூர் ஆலைகளின் வெளிச்சத்தையும் மீறி ரிஷப ராசியின் ரோகிணி செம்மையாகத் தெரியும். அதற்குக் கீழே, சற்று இடப்புறமாக, காளையின் தெற்குக் கொம்பு நுனியில் இருக்கும் மங்கலான விண்மீனைச் சீனர்கள் தியான்குவான் என்றார்கள். 1054ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று அதனருகே புதிய விண்மீன் ஒன்று தோன்றியதாகவும், 23 நாட்கள் அது வெள்ளியைப் போலப் பகலிலேயே தெரிந்ததாகவும், 1056 ஏப்ரலில் கண்ணுக்கு மறைந்துபோனதாகவும் சோங் வம்சக் குறிப்புகள் கூறுகின்றன.

இத்தனை ஒழுங்காக நாள்வாரியாகக் குறித்து வைத்ததற்கு அறிவியல் ஆர்வம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பேரரசர் வானத்தின் மைந்தர் என்று கருதப்பட்டதால், வானில் எது மாறினாலும் அது அவருடைய ஆட்சியைப் பற்றிய தீர்ப்பாகிவிடும். ஆகவே வானத்தைக் கண்காணிப்பது அரசாங்க உத்தியோகமாகவே இருந்தது. அரசவை வானியலாளர் யாங் வெய்டே, புதிய விண்மீன் ரோகிணியை உள்ளடக்கிய ‘பி’ மண்டலத்துக்குள் புகவில்லை என்றும், அதனால் நாட்டில் பெரும் சான்றோர் இருப்பது தெரிகிறது என்றும் அறிக்கை அளித்தார். வேறு எப்படித்தான் எழுதுவார், பாவம்! ஆனால் பலன் சொன்ன அதே கை, நாளையும் இடத்தையும் நிறத்தையும் ஒளியையும் தவறாமல் எழுதியது. பலன் காலாவதியாகிவிட்டது, குறிப்பு நிற்கிறது.

1928இல் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிள், அதே பகுதியில் உள்ள நண்டு நெபுலா என்ற வாயு மேகம் விரியும் வேகத்தைக் கொண்டு, அதை உருவாக்கிய விண்மீன் வெடிப்பு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று கணித்து, அதைச் சீனர் கண்ட விண்மீனோடு இணைத்தார். 1968இல் அந்த நெபுலாவின் நடுவே, நொடிக்குச் சுமார் 30 முறை சுழலும் துடிவிண்மீன் (பல்சர்), அதாவது வெடித்த விண்மீனின் எச்சம், கண்டறியப்பட்டது.

ஒரு முரண் மட்டும் உறுத்துகிறது. சீனக் குறிப்பு புதிய விண்மீனைத் தியான்குவானுக்குத் தென்கிழக்கே வைக்கிறது. நெபுலாவோ அதற்கு வடமேற்கே இருக்கிறது. நாளும் காலமும் இவ்வளவு பொருந்துவதால், படியெடுத்தவர் எவரோ திசையை மாற்றி எழுதியிருக்கலாம் என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.