ஹாஸ்டலுக்குக் கிளம்பும் முன் விசாரித்தவை

அட்மிஷன் உறுதியான கையோடு எங்கள் வீட்டிலும் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், வேலைக்குப் போய்விட்ட அண்ணன் போனில் ஒரு பக்கம் என்று ஆளாளுக்குச் சேர்க்க, தனிக்குடித்தனம் போகிறவளுக்கான பட்டியல் போல நீண்டுகொண்டே போனது. அறை எவ்வளவு பெரியது, அதில் என் பங்கு எவ்வளவு, அங்கே ஏற்கெனவே என்னென்ன கிடக்கிறது என்பது மட்டும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பட்டியலை ஓரங்கட்டிவிட்டு விசாரிக்க ஆரம்பித்தேன். கிளம்பும் வரை நான் செய்த ஏற்பாட்டில் பெரும்பகுதி அந்த விசாரிப்புதான். கடைக்குப் போனது கொஞ்சம்தான்.

முதலில் ஹாஸ்டல் விதிமுறைத் தாள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு மறந்துபோகிற ரகம். ஆனால் எதை எடுத்துவரலாம், எதை எடுத்துவரக் கூடாது என்பது அதில்தான் இருந்தது. கெட்டில், அயர்ன் பாக்ஸ், ரூம் ஹீட்டர், இன்டக்‌ஷன் அடுப்பு எதுவும் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மெழுகுவத்தி ஏற்றக் கூடாது.

"ஒரு கெட்டில் வெச்சா என்ன ஆயிடப் போகுது?" என்று அம்மாவுக்குத் தாங்கவில்லை. அண்ணன் போனிலேயே கணக்குப் போட்டான். சாதாரண கெட்டில் ஒன்று 1500 வாட். 230 வோல்ட் மின்சாரத்தில் அது ஆறரை ஆம்பியர் இழுக்கும். லேப்டாப் சார்ஜர் 65 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு கெட்டிலைப் போடுவதும் 23 லேப்டாப்பை ஒரே நேரத்தில் சார்ஜில் போடுவதும் ஒன்று. ஒரே மாடியில் பத்துப் பேர் காலையில் கெட்டில் போட்டால் 65 ஆம்பியர். பிரேக்கர் ட்ரிப் ஆனால் நல்ல காலம், ஆகாவிட்டால் சுவருக்குள் ஒயர் சூடேறும். அம்மா பட்டியலிலிருந்து கெட்டிலை அடித்துவிட்டார், அரை மனதோடு.

அயர்ன் பாக்ஸ் கிடையாது என்றதும் துணி எடுப்பதே வேறு மாதிரி ஆனது. கசக்கிப் பிழிந்து உதறிக் காயப்போட்டால் அப்படியே போட்டுக்கொள்ள முடிகிற துணிகளை மட்டும் பிரித்தேன். பீரோவில் பார்க்க அழகாக இருந்தவற்றில் பாதி இந்தச் சோதனையில் தேறவில்லை.

தாளில் இல்லாத விஷயங்களுக்கு ஆள் வேண்டும். தெரிந்தவர்கள் மூலமாக, அதே ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒரு சீனியர் அக்காவின் நம்பர் கிடைத்தது. "ரூம் எப்படிக்கா இருக்கும்?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கும், பழகிடும்" என்று பொதுவாகத்தான் பதில் வரும். அதனால் கேள்வியைச் சின்னச் சின்னதாக உடைத்துக் கேட்டேன். கட்டிலிலிருந்து பிளக் பாயின்ட் எவ்வளவு தூரம்? அலமாரிக்குப் பூட்டு உண்டா, நாம் கொண்டுபோக வேண்டுமா? உள்ளே ஹேங்கர் மாட்டக் கம்பி இருக்கிறதா, வெறும் தட்டுகளா? துணி காயப்போடும் இடத்தில் வெயில் வருமா? லிப்ட் உண்டா?

"கட்டிலுக்கு அடியில எவ்வளவு உயரம்க்கா இருக்கும்?"

"இரும்மா, அளந்து சொல்றேன்." போனைக் கீழே வைக்கும் சத்தம். "ஒன்றரை சாண். என் சாண், சின்னக் கை."

எங்கள் வீட்டு ட்ராலியைத் தரையில் படுக்கவைத்து அம்மாவின் கையால் அளந்தோம். சக்கரத்தோடு சேர்த்து ஒன்றேமுக்கால் சாணுக்கு மேலேயே வந்தது. அது கட்டிலுக்கு அடியில் போகாது, அறையின் நடுவில் வருஷம் முழுக்கக் காலில் இடிபட்டுக்கொண்டு கிடக்கும். ட்ராலி வீட்டிலேயே தங்கியது. அதற்குப் பதில், காலியானதும் மடித்து அலமாரியின் அடித்தட்டில் செருகிவிடக்கூடிய துணிப்பை இரண்டு. பெட்டி வாங்கப் போகிறவர்கள் வேறு எதை விசாரிக்காவிட்டாலும் இந்த ஒரு உயரத்தை விசாரித்துவிடுங்கள்.

போனை வைக்கும் முன் அக்கா தானாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் உருப்படியானது. "வந்ததும் மெத்தை மேல எதையும் வெச்சிடாத. ஓரத் தையலை விலக்கிப் பாரு, அப்புறமா பெட்ஷீட் விரி." மூட்டைப்பூச்சிக்குத்தான் அந்த எச்சரிக்கை. வளர்ந்த பூச்சி ஐந்து மில்லிமீட்டர் நீளம் இருக்கும், கண்ணுக்குத் தெரியும். ஆனால் பகலில் மெத்தைத் தையலிலும் கட்டில் இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும். பூச்சி கண்ணில் படாவிட்டாலும், பேனா மை ஊறினாற்போல அது விட்டுவைக்கும் கருப்புப் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும். ரத்தம் கிடைக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், விடுமுறை முழுக்க அறை பூட்டிக் கிடந்தது என்பது ஒரு ஆறுதலே இல்லை. துணியில் ஏறிவிட்டால், துணி உலர்த்தும் மெஷினில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டினால் செத்துவிடும். மெத்தையில் இருந்தால் நாமே மருந்து வாங்கி அடித்துக்கொண்டிருக்காமல் ஆபீசில் சொல்லி மெத்தையை மாற்றச் சொல்வதுதான் சரி, அதுவும் நம் பைகள் உள்ளே வருவதற்கு முன்பே.

ரூம்மேட் யார் என்று தெரிந்ததும் அவளுக்கு மெசேஜ் அனுப்பினேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'நீங்க' போட்டுக்கொண்டு ஏதோ அலுவலகக் கடிதப் போக்குவரத்து மாதிரி இருந்தது. "நீங்க லைட் எரிஞ்சா தூங்குவீங்களா?" என்று நான் கேட்க, "தூங்குவேன், ஆனா ஃபேன் சத்தம் இல்லாட்டி தூங்க மாட்டேன்" என்று அவள் சொல்ல, அங்கேதான் பேச்சு கொஞ்சம் இளகியது. பிடித்த நடிகர் யார், எந்தப் பாட்டுக் கேட்பாய் என்பதெல்லாம் தானாக வந்துவிடும். நேரில் கேட்கக் கூச்சமாக இருப்பதை முன்கூட்டியே கேட்பதுதான் லாபம். எத்தனை மணிக்கு எழுவாள்? அலாரம் எத்தனை தடவை அடிக்க விடுவாள்? ரூமில் உட்கார்ந்து போன் பேசுவாளா, வெளியே போய்ப் பேசுவாளா? தன் பொருளை இன்னொருவர் எடுத்தால் பிடிக்குமா? கடைசிக் கேள்விக்கு "சார்ஜர் எடுத்துக்கோங்க, துண்டும் சீப்பும் மட்டும் வேண்டாம்" என்று பளிச்சென்று பதில் வந்தது. நானும் அதே கட்சிதான்.

துடைப்பம், குப்பைக்கூடை, சுவர்க் கண்ணாடி, கொடிக்கயிறு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று அறைக்கு ஒன்று போதுமானவற்றை இருவரும் பங்கு பிரித்துக்கொண்டோம். அவள் இரவு விழித்துப் படிப்பவள், நான் சீக்கிரம் படுப்பவள். அவள் பக்கம் மட்டும் வெளிச்சம் விழுகிற சின்ன டேபிள் லேம்ப் அவள் கொண்டுவருவது, காதில் வைக்கும் ஸ்பாஞ்ச் அடைப்பான் நான் கொண்டுபோவது என்று முடிவானது. சண்டைக்கான காரணங்களில் ஒன்று போகும் முன்பே கழன்றுகொண்டது.

மருத்துவப் படிவத்தை எல்லோரும் கடைசியில்தான் எடுக்கிறார்கள். அதை முதலில் எடுப்பது நல்லது, ஏனென்றால் சில தடுப்பூசிகளுக்கு இரண்டு டோஸ், நடுவில் இடைவெளி விட வேண்டும். தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசி இரண்டு டோஸ் போட்டதற்கு அத்தாட்சி கேட்டிருந்தார்கள். என் சிறுவயது அட்டையைத் தேட வேண்டியிருந்தது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமிக்கான ஊசி பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். அது எச்சிலாலும் நெருங்கிய பழக்கத்தாலும் பரவுவது. ஒரே கட்டடத்தில் நெருக்கமாகத் தங்கும் முதலாமாண்டு மாணவர்களுக்கு ஆபத்து சற்று அதிகம் என்பதால்தான் பல கல்லூரிகள் அந்த ஊசியை வற்புறுத்துகின்றன. தண்ணீர் பாட்டிலை வாய் வைத்துக் குடித்துப் பகிரும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

மருந்துப் பையை அம்மாதான் கட்டினார். ஆனால் ஒவ்வொன்றையும் எப்போது, எவ்வளவு என்று என் வாயாலேயே சொல்லவைத்தார். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் என்றால் இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு மணி நேரம், ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல் கூடவே கூடாது. சளிக்கான கூட்டு மருந்துகள் பலவற்றிலும் அதே பாராசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட், அதாவது 20.5 கிராம், முழுசாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு. பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்கிக் குடிப்பது தப்பு. வீட்டில் காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் யாராவது நிற்பார்கள், எதையும் நாம் நினைவில் வைக்க வேண்டியதில்லை. இதை அம்மா சொல்லவில்லை. மாத்திரைப் பட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டும்போது அவர் முகத்தில் தெரிந்தது. நானும் கேட்கவில்லை.

தாள் சமாச்சாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒரிஜினல் தனி உறை, ஜெராக்ஸ் தனி உறை, போட்டோக்கள், போனில் ஸ்கேன். பலர் யோசிக்காதது போன் நம்பர். என் வங்கிக் கணக்கு, கல்லூரிக் கட்டணப் பக்கம், இமெயில் மூன்றுமே அப்பாவின் நம்பரில் இருந்தன. இங்கே இருந்தவரை, "அப்பா, ஓ.டி.பி. வந்துச்சா?" என்று குரல் கொடுத்தால் போதும். அங்கே போய் அவர் மீட்டிங்கில் இருக்கும் நேரத்தில் மெஸ் கட்டணம் கட்ட வேண்டி வந்தால் என்ன செய்வது? வங்கியில் நம்பர் மாற்றுவதற்கு நேரில் போகச் சொன்னார்கள், அது ஒரு நாளில் ஆகிற காரியமாகவும் இல்லை. கிளம்புகிற வாரத்துக்கு இதை வைத்துக்கொள்ளாதீர்கள். கூடவே போனில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் லேப்டாப்பின் சீரியல் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி அந்த நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பொருள் தொலைந்தால் புகார் எழுதும்போது முதலில் கேட்பது அதைத்தான், அப்போது போன் நம் கையில் இருக்காது.

துணி துவைப்பதை ஒத்திகை பார்த்தேன் என்றால் சிரிப்பார்கள். பார்க்கத்தான் செய்தேன். ஒரு வாரத் துணியை நானே ஊறவைத்து, அலசி, பிழிந்து போட்டதில் தெரிந்தது: ஜீன்ஸ் நனைந்தால் தூக்கவே முடியாது, தடிமனான டவல் மறுநாள் வரை ஈரமாகவே இருக்கும், மெல்லிய துண்டு இரவு போட்டால் காலையில் காய்ந்திருக்கும். ஜீன்ஸ் ஒன்றே ஒன்றாகக் குறைந்தது. டவல் போய்த் துண்டு வந்தது. சாயம் போகுமா என்று சந்தேகமான புதுத்துணியின் உள்மடிப்பை ஈரமான வெள்ளைத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் அதைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்பதும் அந்த வாரத்தில் கற்றதுதான்.

கட்டி முடித்த பைகளை நானே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினேன். லிப்ட் உண்டு என்று அக்கா சொல்லியிருந்தாலும், எல்லோரும் குடிவரும் நாளில் லிப்ட் நமக்காகக் காத்திருக்காது. பாதிப் படியில் மூச்சு வாங்கியதும் திரும்பி வந்து பையைப் பிரித்தேன். புத்தகங்கள்தான் கனம். முதல் செமஸ்டருக்கு லைப்ரரி இருக்கிறது என்று சொல்லிப் பெரும்பாலானவற்றை எடுத்து வைத்துவிட்டேன். அண்ணன் சொன்னபடி முதல் ராத்திரிக்கு வேண்டியதை மட்டும் தோள்பையில் தனியாக வைத்தேன்: பெட்ஷீட், தலையணை உறை, பூட்டு, சார்ஜர், பிரஷ், சோப்பு, ஒரு மாற்றுத்துணி, மருந்துப் பை, ஒரிஜினல்கள். மற்ற மூட்டைகளைப் பிரிக்காமலேயே அன்றைக்குத் தூங்கிவிடலாம்.

குடிவந்த நாளில் அப்பா பைகளை வராந்தாவிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நானும் ரூம்மேட்டும் உள்ளே போய் போன் டார்ச்சை அடித்து இரண்டு மெத்தைகளின் தையலையும் சுற்றிலும் பார்த்தோம். சுத்தம். பிறகு, ஆபீசில் கொடுத்த அறை நிலவரப் படிவத்தில் 'எல்லாம் சரியாக உள்ளது' என்று டிக் அடிக்கும் முன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தோம். ஜன்னலின் இடது கொக்கி கழன்று தொங்கியது. என் மேஜையின் இழுப்பறை முக்கால்வாசிதான் திறந்தது. அலமாரிக் கதவின் உள்பக்கம் யாரோ காம்பஸால் கீறிய இரண்டு எழுத்துகள், சுற்றி ஒரு இதயம். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, படிவத்திலும் எழுதினோம். வருஷக் கடைசியில் டெபாசிட் பணத்தில் பிடித்தம் செய்யும்போது இந்தத் தாள்தான் பேசும்.

"இதயத்தையும் எழுதணுமா?" என்றாள் அவள். அதற்குள் 'நீங்க' போயிருந்தது.

"எழுது. நாம கீறினதா ஆயிடும்."

எழுதினாள். வார்டன் படித்துப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு நகல் கேட்டோம். "யாரும் கேட்க மாட்டாங்களே" என்றார், ஆனால் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அப்பா பைகளை உள்ளே கொண்டுவந்தார்.