வெந்நீர் சுடும் நேரத்தில் உடற்பயிற்சி: கொட்டகலையிலிருந்து ஓர் அனுபவக் குறிப்பு

இலங்கையின் மலையகத்தில் உள்ள கொட்டகலையில், தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருக்கும் எனக்குக் காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை பாடசாலை. அதற்கு முன் சமையல், பிள்ளைகளை ஆயத்தப்படுத்துதல். அதன் பின் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் மகளின் படிப்பு, இரவுச் சமையல், மறுநாளுக்கான பாடக்குறிப்பு. கணவர் கொழும்பில் வேலை செய்வதால் மாதத்தில் ஓரிரு நாட்கள்தான் வீட்டில் இருப்பார். இத்தகைய நாளில் ஒரு மணி நேரத்தை ஒரே துண்டாகப் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே இவ்வருடத் தொடக்கத்தில், புதிதாக நேரம் தேடுவதை விட்டு, நான் ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கும் நேரங்களை உடற்பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன்.

இதற்குத் துணிவு தந்தது உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல். வளர்ந்தவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பிலும், குறைந்தது இரண்டு நாட்கள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியிலும் ஈடுபட வேண்டும் என்று அது கூறுகிறது. முன்னைய வழிகாட்டலில் ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 நிமிடங்கள் தொடர்ந்து செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2020இல் அது நீக்கப்பட்டது. குடும்பப் பொறுப்புள்ள பெண்களுக்கு இந்த ஒரு மாற்றம் மிகப் பெரியது என்று நான் கருதுகிறேன். ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும் என்றால், நம் நாளில் அப்படிப்பட்ட ஐந்து நிமிடங்கள் பல கிடைக்கின்றன.

எங்கள் பகுதியில் வெந்நீர் இல்லாமல் காலையில் குளிக்க முடியாது. கவ்வாத்து வெட்டிய தேயிலை விறகை வைத்து, பெரிய பானையில் நீர் சுடும்வரை கால் மணி நேரத்திற்குக் குறையாமல் ஆகும். அந்தக் கால் மணி நேரமே என் முதன்மையான பயிற்சி நேரம். அடுப்பருகே இருப்பதால் உடல் விரைவில் சூடாகிவிடுகிறது. வியர்த்தால் உடனே குளித்துவிட்டுப் பாடசாலைக்குச் சேலை உடுத்திக்கொள்ளலாம். தனியாக உடை மாற்றுவதும் துவைப்பதும் இல்லை. மழைக்காலத்தில் ஒரு துணி காய எத்தனை நாளாகும் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

எந்தப் பயிற்சியைச் செய்வது என்பதை வீடே தீர்மானித்தது. நாங்கள் இருப்பது லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரே வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் சுவர் ஒன்றுதான், அங்கே கைக்குழந்தை உறங்குகிறது. எனவே குதிக்கும் பயிற்சிகள் எவற்றையும் சேர்க்கவில்லை. மெதுவாகக் குந்தி எழுதல், சுவரில் கை ஊன்றித் தண்டால், இஸ்தோப்பின் (வீட்டு முன் திண்ணையின்) படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்தி இறக்குதல், மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை உயர்த்துதல் ஆகியவையே என் பட்டியல். ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை செய்து, நீர் சுடும்வரை திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவேன்.

மலையில் வாழ்பவர்களுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்று பலர் கேட்டார்கள். வீதியிலிருந்து எங்கள் லயத்துக்கு ஏறி வருவதே மூச்சிரைக்க வைக்கும் நடைதான். இதயத்துக்கும் கால்களுக்கும் அது நல்லது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஏறி இறங்குவதால் தோளும் முதுகும் கைகளும் வலுப்பெறுவதில்லை. கரும்பலகையில் எழுதி முடித்த மாலைகளில் என் தோள்பட்டை கனத்துப்போவதற்கு நடை ஒருபோதும் மருந்தாகவில்லை. சுவர்த் தண்டால்தான் ஆனது. தை மாதத்தில் சுவரில் தொடங்கியதைச் சித்திரை விடுமுறைக்குள் மேசை விளிம்புக்கு மாற்றினேன். இப்போது முழங்காலைத் தரையில் ஊன்றியபடி செய்ய முடிகிறது.

ஆரம்ப வாரங்களில் தொடை வலித்தது. இறக்கத்தில் நெடுந்தூரம் இறங்கிய மறுநாள் நம் எல்லோருக்கும் வரும் அதே வலிதான் இது: தசை நீண்டுகொடுத்தபடியே உடலின் பாரத்தைத் தாங்கும்போது அதற்குப் பழக்கமில்லாத உழைப்பு ஏற்படுகிறது. ஓரிரு நாட்களில் கூடி, பின்னர் தானே தணிந்துவிடும். அந்நாட்களில் குந்துவதை விட்டுக் கைகளுக்கான பயிற்சியை மட்டும் செய்தேன்.

மாலையில் கிடைக்கும் நேரம் மகளுடையது. நெடுநேரம் கணக்குச் செய்து சோர்ந்தபின் அவள் எழுந்து வருவாள். இருவரும் முழங்கையை ஊன்றி உடலைப் பலகை போல் நேராகத் தாங்கும் பயிற்சியைச் செய்வோம். நேரத்தை அளப்பது கடிகாரம் இல்லை, வாய்பாடு: ஏழாம் வாய்பாட்டை இருவரும் உரக்கச் சொல்லி முடிக்கும்வரை உடல் தாழக் கூடாது. இத்தகைய பயிற்சிகளில் நம்மை அறியாமல் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். அவ்வாறு அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென உயரும். உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் மூச்சு நிற்பதில்லை. இப்போது பன்னிரண்டாம் வாய்பாடுவரை வந்துவிட்டோம் என்பதை மிகுந்த மகிழ்ச்சியுடன் எழுதுகிறேன்.

கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற என் மாமியார் முதலில், "இத்தன வருசமா மலை ஏறி எறங்கிட்டேன், இன்னும் என்னத்துக்கும்மா இதெல்லாம்?" என்றார். உயர் இரத்த அழுத்தத்துக்காக அவர் மாதந்தோறும் கிளினிக் செல்பவர் என்பதால், வைத்தியரிடம் கேட்ட பிறகே அவரைச் சேர்த்துக்கொண்டேன். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்றல் ஆகிய இரண்டை மட்டுமே செய்கிறார். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று அதே வழிகாட்டல் வலியுறுத்துவது விழுந்துவிடாமல் இருப்பதற்காகத்தான். பாசி படிந்த படிகள் நிறைந்த எங்கள் லயங்களில் அதைவிட அவசியமான பயிற்சி முதியவர்களுக்கு வேறில்லை என்பேன். ஆனி மாதத்துக்குப் பின் அவர் எழும்போது "அத்தை, கை கொடுக்கவா?" என்று கேட்கும் தேவை குறைந்துவிட்டது.

மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை எங்கள் பக்கத்து மலைச்சரிவை நனைத்துக்கொண்டே இருக்கும். மாலை நடை நின்றுபோகும். அம்மாதங்களில் இஸ்தோப்புப் படியில் ஏறி இறங்குவதை அதற்கு ஈடாக வைத்துக்கொண்டேன். பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும் என்பதே மிதமான வேகத்துக்கான எளிய அளவு; படியேறும்போது மாமியாருடன் பேசிக்கொண்டே அதைச் சரிபார்த்துக்கொள்வேன்.

இழுக்கும் பயிற்சி மட்டும் இன்னும் குறைவாகவே இருக்கிறது. அதற்காக 5 லீற்றர் கேனில் நீர் நிரப்பி, இடுப்பை மடித்து முதுகை நேராக வைத்து, முழங்கையைப் பின்னோக்கி உயர்த்தி இழுக்கத் தொடங்கியிருக்கிறேன். அது ஏறத்தாழ 5 கிலோகிராம். இப்போதைக்குப் பாதியளவே நிரப்புகிறேன். டிசம்பர் விடுமுறைக்குள் முழுக் கேனைத் தூக்க வேண்டும் என்பது அடுத்த இலக்கு.