சூரியத் தகடுகளுக்குப் பேட்டரி வேண்டுமா?

எங்கள் மொட்டை மாடியில் உள்ள 3 கிலோவாட் சூரியத் தகடுகள் நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 12 யூனிட் தருகின்றன. அவற்றுடன் பேட்டரியும் சேர்ப்பதா என்பதே இப்போது வீட்டில் நடக்கும் பேச்சு.

வரவு செலவை மட்டும் பார்த்தால் வேண்டாம் என்றே சொல்வேன். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு நெட் மீட்டரிங் இருப்பதால், பகலில் மிஞ்சும் மின்சாரம் வாரியத்தின் கம்பிக்குப் போய், இரவில் நாம் எடுக்கும் யூனிட்டுகளில் கழிந்துவிடுகிறது. பேட்டரியிலோ ஏற்றி இறக்கும்போது ஒரு பங்கு வீணாகிறது. மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியமும் பேட்டரி வைப்பதால் கூடுவதில்லை.

ஆனால், கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஆபத்து நேரக் கூடாது என்பதற்காக, மின்தடை வந்தவுடன், தகடுகளின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். உச்சி வெயில் கொளுத்தும்போதும் அதன் திரை சுழியம் காட்டும்; ஃப்ரிட்ஜில் அம்மாவின் இன்சுலின் இருக்கும். பேட்டரி வேண்டும் என்பதற்கு எனக்கு இதுவே முதன்மையான காரணம்.

ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால், விலை கூடினாலும், 5 யூனிட் கொள்ளும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியையும் மின்தடையிலும் தகடுகளையும் பேட்டரியையும் சேர்த்து இயக்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரையும் விரும்புகிறேன். ஃப்ரிட்ஜ், இரண்டு மின்விசிறிகள், விளக்குகள் ஆகியவற்றை மட்டும் தனி இணைப்பாகப் பிரித்துக் கொடுத்தால் ஓர் இரவு தாங்கும். ஏசியும் மோட்டாரும் அதில் சேரா.