அரைச் சாண் கல்லுக்கு இரண்டரை வருடம்

கடைசியில் பதித்தாகிவிட்டது. இரண்டு கற்கள். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர், மேலே பித்தளைத் தகடு. பெர்லினில் இருப்பவர்கள் தினமும் தாண்டிப்போகும் அந்த இடறுகற்கள்தான், ஜெர்மனில் ஷ்டோல்பர்ஷ்டைன். நாஜிகளால் துரத்தப்பட்டவர்கள், கொல்லப்பட்டவர்கள் வாழ்ந்த வீட்டுவாசலில், நடைபாதையோடு பாதையாகப் பதிப்பது. குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொண்ணூறுகளில் தொடங்கிய வேலை. 2023 மே மாதம் நியூரம்பெர்க்கில் ஒரு லட்சமாவது கல் வைத்தார்கள். அதற்கு முன்பே, பல்லாயிரம் வைத்தவர்களுக்கு இன்னும் ஒன்று வைக்க என்ன பெரிய நேரம் ஆகிவிடப்போகிறது என்று நினைத்துத்தான் பெற்றோர் கூட்டத்தில் கையைத் தூக்கினேன். இரண்டரை வருடம் ஆனது. அதில் ஏறக்குறைய ஒரு வருடம் எங்கள் அவசரத்தாலேயே போனது. உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் யாராவது இதை எடுத்தால், அந்த ஒரு வருடமாவது உங்களுக்கு மிஞ்சட்டும்.

ஆரம்பம் அசிங்கமானது. 2021 இலையுதிர்காலம், மகள் ஒன்பதாம் வகுப்பு. மைதானத்தில் பந்தைத் தராத பையனை இன்னொருவன் "யூதா" என்று திட்டியிருக்கிறான். திட்டு வாங்கியவனும் யூதன் இல்லை, திட்டியவனுக்கும் யூதர் யாரையும் தெரியாது. அது வெறும் கெட்டவார்த்தையாகப் புழங்குகிறது. பிறகு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நாஜிகள் யூதர்களைக் கொன்ற விஷவாயுவை வைத்து ஒரு "ஜோக்" வந்தது. பள்ளி வாசலில் "இனவெறி இல்லாத பள்ளி, துணிவுள்ள பள்ளி" என்ற பலகை மாட்டியிருக்கிறது. அந்தப் பலகைக்குப் பள்ளியில் இருப்பவர்களில் 70 சதவீதம் பேராவது கையெழுத்துப் போட வேண்டும். போட்டிருக்கிறார்கள். மீதி 30 சதவீதத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தோம் என்று மகள் சொன்னாள்.

பள்ளி முதலில் செய்தது, அரங்கில் எல்லாரையும் உட்காரவைத்து ஒரு மணி நேர உரை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பிள்ளைகள் செல்போன் பார்த்தார்கள். வரலாற்று ஆசிரியைதான் "ஆறு மில்லியன் யூதர்களைக் கொன்றார்கள் என்று சொன்னால் இவர்களுக்கு ஏறாது, இந்தத் தெருவில் இருந்த ஒருத்தரைத் தேடுவோம்" என்றார். பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா, இன்னும் எத்தனை காலம் இதையே பேசுவது என்று கேட்டார். முக்காடு போட்ட ஒரு அம்மா வேறு மாதிரி கேட்டார்: "என் மகளின் முக்காட்டை பஸ்ஸில் இழுத்தார்கள், அதற்கு எந்தக் கல்?" எனக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது. ஆசிரியை மழுப்பவில்லை. அதையும் தனியாக எடுப்போம் என்று சொல்லி, அடுத்த பருவத்தில் எடுத்தார். அந்தப் பெண்ணும் எங்கள் குழுவில் சேர்ந்தாள். பரீட்சை வந்ததும் நின்றுவிட்டாள். கல் பதித்த அன்று வந்தாள்.

சரி, வேலைக்கு வருவோம்.

பெயர் கிடைப்பது எளிது. ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் நினைவுப் புத்தகம் இணையத்தில் இருக்கிறது. அதோடு எங்கள் பகுதியின் நாடுகடத்தல் பட்டியலையும் வைத்துத் தேடி, ஒரு தையல்கார அம்மாவின் பெயரைப் பிள்ளைகள் எடுத்தார்கள். 1943 மார்ச், ஆஷ்விட்ஸ் கொலைமுகாம். பட்டியலில் முகவரியும் இருந்தது. (பெயரை இங்கே எழுதவில்லை, குடும்பத்தார் இணையத்தில் வேண்டாம் என்றார்கள். கல்லில் இருக்கிறது, நடந்துபோய்ப் படிக்கலாம்.) ஒரே வாரத்தில் மனுவை எழுதி அனுப்பிவிட்டோம். எனக்கு ஒரே பெருமை.

ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. முகவரி தவறு.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கல் வைப்பது கடைசி முகவரியில் அல்ல; அவர்கள் தாமாக விரும்பி வாழ்ந்த கடைசி வீட்டில். 1939 ஏப்ரல் 30 அன்று வந்த ஒரு சட்டம் யூத வாடகைதாரர்களுக்கு இருந்த பாதுகாப்பைப் பறித்தது. அதன்பின் அவர்களைக் காலிசெய்யவைத்து, "யூதர் வீடுகள்" என்று ஒதுக்கிய கட்டடங்களில், அறைக்கு ஒரு குடும்பமாக அடைத்தார்கள். நாடுகடத்தல் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் அந்த அடைத்த முகவரி. நாங்கள் அந்த அம்மாவின் சிறையை வீடு என்று எழுதியிருந்தோம். மனுவை வாங்கிய அலுவலர் அன்றைக்கே ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்டபோது, "நீங்கள் கேட்கவில்லையே" என்றார்.

பிறகு எங்களைக் கரையேற்றியவர் அந்தப் பகுதித் தன்னார்வக் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர். 1939 மே 17 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள் என்றார். அந்தக் கணக்கெடுப்பில் தாத்தா பாட்டி யூதரா என்று கேட்டு ஒரு தனி அட்டையை நிரப்பவைத்தார்கள். அந்த அட்டைகளில் வேறொரு தெரு இருந்தது. அதை பெர்லின் பழைய முகவரிப் புத்தகங்களோடு ஒப்பிட வேண்டும். நகர மத்திய நூலகம் அவற்றை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கேயும் கோட்டை விட்டோம். முழுப்பெயரைத் தேடித் தேடி, இல்லை என்று முடிவு கட்டியிருந்தோம். கணவர் இறந்த பெண்களை "விதவை" என்பதன் சுருக்கத்தோடும், முன்பெயரின் ஒரே ஒரு எழுத்தோடும்தான் அச்சிட்டிருக்கிறார்கள். தபால்காரர் அரை நிமிடத்தில் விரலை வைத்தார்.

அடுத்தது சாரா. ஆவணங்களில் அந்த அம்மாவின் பெயருக்கு நடுவே "சாரா" இருந்தது. பிள்ளைகள் அப்படியே கல்லுக்கான வாசகத்தில் எழுதிவிட்டார்கள். "அம்மா, இந்தப் பட்டியலில் எல்லாப் பொம்பளைக்கும் சாராதான் பேரா?" என்று மகள் கேட்டபோதுதான் எனக்கும் உறைத்தது. 1939 ஜனவரி முதல் யூதப் பெண்கள் சாரா என்றும் ஆண்கள் இஸ்ரயேல் என்றும் பெயரோடு சேர்த்துக்கொள்ளக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அரசு ஒட்டிய முத்திரையை நாங்கள் பித்தளையில் அடித்து நிரந்தரமாக்கப் பார்த்திருக்கிறோம். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதிய அலுவலகத்தோடு பதினோரு வருடமாகச் சண்டை போடுகிறவள் நான், எனக்கே இது கண்ணில் படவில்லை.

வீட்டு எண் இன்னொரு வம்பு. பெர்லினில் பல பழைய தெருக்களில் எண்கள் லாடம் போல ஓடும்: ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போய், முனையில் திரும்பி, எதிர்ப்பக்கமாக இறங்கிவரும். எங்கள் தெருவில் போருக்குப் பிறகு எண்களையே மாற்றியிருந்தார்கள். தெரியாமல், மழையில், பன்னிரண்டு பிள்ளைகளோடு ஒரு வீட்டின் முன் நின்று எல்லா அஞ்சல் பெட்டியிலும் கடிதம் போட்டுவிட்டு வந்தோம். சரியான இடம் முந்நூறு மீட்டர் தள்ளி, எதிர்ப்பக்கம். அங்கே வீடே இல்லை, பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்தம். வீடு போனால் பரவாயில்லை, நடைபாதை இருந்தால் போதும். பழைய வரைபடத்தைப் பார்க்காமல் யாருக்கும் கடிதம் போடாதீர்கள்.

அந்தத் தவறான வீட்டிலிருந்து ஒருவர் போன் செய்து கத்தினார், தினமும் ஒரு பிணத்தை மிதித்துக்கொண்டா வெளியே போவது என்று. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் ம்யூனிக்கில் யூத சமூகத்தின் தலைவர் சார்லோட்டே க்னோப்ளோக், நாஜிக் காலத்தில் ஒளிந்து உயிர் பிழைத்தவர், கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்: அந்த மனிதர்களை மறுபடி காலால் மிதிக்கக் கூடாது என்று. அந்த நகரசபை 2004இலும் 2015இலும் பொதுநடைபாதையில் இந்தக் கற்கள் வேண்டாம் என்றே முடிவெடுத்தது. அங்கே சுவரில் தகடும் கம்பமும் வைக்கிறார்கள். எனவே அந்தப் போன்காரரை ஒரேயடியாகத் திட்டவும் முடியவில்லை. அவர் வாசலில் வைக்கப்போவதில்லை என்று சொன்னதும் "ஓ" என்று வைத்துவிட்டார். அந்த "ஓ"வைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பொட்ஸ்டாமில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் பெர்லின் யூதர்களின் சொத்துக் கோப்புகள் இருக்கின்றன. அதை மட்டும் தவறவிடாதீர்கள். நாடுகடத்துமுன் ஒவ்வொருவரும் 16 பக்கப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும்: எத்தனை நாற்காலி, எத்தனை தலையணை உறை, எத்தனை ஜோடிச் செருப்பு. 1943 பிப்ரவரி 27 அன்று பெர்லின் தொழிற்சாலைகளில் கட்டாயவேலை செய்துகொண்டிருந்த யூதர்களை வேலையிடத்திலேயே வளைத்துப் பிடித்தார்கள். எங்கள் தையல்கார அம்மாவும் அதில் மாட்டியவர், படிவத்தை, நாடுகடத்துமுன் பிடித்துவைத்திருந்த முகாமில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். மேசை ஒன்று. நாற்காலி இரண்டு. தையல் இயந்திரம் ஒன்று. அதற்குப் பிறகும் கோப்பு முடியவில்லை. அவர் போன பிறகு வீட்டுக்காரர் பாக்கி வாடகையை அரசிடம் கேட்டு எழுதிய கடிதம், பொருட்களை விற்ற கணக்கு, எல்லாம் ரசீதும் முத்திரையுமாக ஒழுங்காக அடுக்கியிருந்தது. அந்த வாட்ஸ்அப் ஜோக்கை அனுப்பிய பையன் அன்று எங்களோடு இருந்தான். தையல் மெஷினை யார் வாங்கினார்கள் என்று கேட்டான். கணக்கில் விலை இருந்தது, பெயர் இல்லை. அவன் அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று மாலைவரை தேடினான்.

இனி உறவினர். கல் வைக்குமுன் குடும்பத்தைத் தேடிச் சொல்ல வேண்டும். ஜெருசலேமில் உள்ள யூத இன அழிப்பு நினைவகமான யாத் வஷேமின் சாட்சியப் பக்கங்களில் ஒரு மருமகள் முறையுள்ளவர் எழுதிக்கொடுத்த பக்கம் கிடைத்தது, முகவரி பல பத்தாண்டுப் பழசு. கடிதம் திரும்பி வந்தது. நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் பாட் ஆரோல்சன் காப்பகத்துக்கும் எழுதினோம், விசாரணைக்குக் கட்டணம் இல்லை. ஐந்து மாதம் கழித்து, இங்கிலாந்திலிருந்து ஒரு மின்னஞ்சல். அந்த அம்மாவின் பேத்தி.

எங்களுக்குப் பேத்தி இருப்பதே தெரியாது, ஏனென்றால் மகன் இருந்ததே தெரியாது. பன்னிரண்டு வயதில் 1939இல், யூதப் பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாமல் தப்பவைத்த கிண்டர்டிரான்ஸ்போர்ட் ரயிலில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பையன். அப்படிக் கிட்டத்தட்ட பத்தாயிரம் பிள்ளைகள் போனார்கள். அப்பாவுக்கும் பாட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல் வைப்பீர்களா என்று கேட்டிருந்தார். தப்பிப் பிழைத்தவர்களுக்கும் வைப்பார்கள், பிரித்த குடும்பத்தைச் சேர்த்துவைப்பது இந்தத் திட்டத்தின் வழக்கம். மறுபடி மனு, மறுபடி வரிசை. கல்லுக்கு 120 யூரோ என்ற கணக்கில் தொடங்கியிருந்தோம், இப்போது இரட்டிப்பு. இடைவேளையில் கேக்கும் என் சமோசாவும் விற்று ஈடுகட்டினோம். கேக்கைவிட சமோசா அதிகம் போனது, அதையும் பதிவுசெய்கிறேன்.

2024 மார்ச், காலை ஒன்பது மணி. பேத்தி வந்து நிற்கிறார், பிள்ளைகள் பூவோடு நிற்கிறார்கள், நாங்கள் குறித்த இடத்தின் மேல் கட்டுமான வேலி. அங்காடிக்கு விரிவாக்கமாம், முந்தின நாள் போட்டது. வேலியை நகர்த்த எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று போனில் ஒரு குரல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கே நின்ற மேஸ்திரி, போலந்துக்காரர், எங்கள் அட்டையில் எழுதியிருந்ததைப் படித்தார். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரைக் கூப்பிட்டு வேலியை இரண்டு மீட்டர் பின்னால் தள்ளினார். ஐந்து நிமிடம். இரண்டரை வருடத்தில் படிவம் இல்லாமல் நடந்த ஒரே காரியம் அது.

கல் இறங்கியபோது பக்கத்து வகுப்புப் பெண்ணின் அம்மா என்னிடம் மெல்ல வந்தார். அவர்கள் யூதக் குடும்பம். மகள் பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லையாம். 2019இல் ஹாலே நகர யூத ஜெப ஆலயத்தின் கதவை ஒருவன் துப்பாக்கியோடு உடைக்கப் பார்த்த நாளிலிருந்து நட்சத்திரப் பதக்கத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொள்கிறாளாம். இத்தனை மாதம் நாங்கள் 1943இல் தேடிக்கொண்டிருந்தோம்.

இனிப் பராமரிப்பு. பித்தளை கறுத்துப்போகும், துடைக்காவிட்டால் எழுத்து தெரியாது. 1938இல் யூதர்களின் கடைகளையும் ஜெப ஆலயங்களையும் தாக்கிய இரவின் நினைவாக, நவம்பர் 9 அன்று ஊரெங்கும் துடைப்பார்கள். கம்பி நார் போடாதீர்கள், கீறல் விழும். அந்த நவம்பரில் ஆசிரியை பாலிஷ் டப்பாவோடு வந்தார். நான் வீட்டில் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் கொஞ்சம் புளியை ஊறவைத்து எடுத்துப்போயிருந்தேன். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, துணியால் ஒற்றியதும் இரண்டு பெயரும் பளிச்சென்று வந்தன.

போன வருடம் அக்டோபர் கடைசியிலேயே ஆசிரியையிடமிருந்து செய்தி: "பாலிஷ் வாங்கவில்லை. உங்கள் கறுப்பு உருண்டை வீட்டில் இருக்கிறதல்லவா?"