பாஸ்கர்வில்லின் மெல்லிய கோடுகள்

உறவினர் வீட்டுத் திருமண அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கத்துக்குப் பாஸ்கர்வில் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்திருந்தேன். சொரசொரப்பான கைத்தாளில் எடுத்த மாதிரி அச்சில், எழுத்துகளின் மெல்லிய கோடுகள் ஆங்காங்கே அறுந்து, அவற்றின் முனைகளில் இருக்க வேண்டிய செரிஃப் என்னும் சிறு கோடுகள் பாதிக்குமேல் காணாமற்போயிருந்தன. குறை எழுத்துருவில் இல்லை, தாளில்தான் இருந்தது என்பது, அந்த எழுத்துருவை உருவாக்கியவரின் கதையைப் படித்த பிறகே எனக்குப் புரிந்தது.

ஜான் பாஸ்கர்வில் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் பிறந்து பர்மிங்காமில் வாழ்ந்தவர். கையெழுத்துப் பயிற்சி அளிப்பவராகவும் கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுபவராகவும் தொடங்கி, உலோகத் தட்டுகளுக்கு மெருகெண்ணெய் பூசி விற்கும் தொழிலில் பெரும் பொருள் ஈட்டி, அதன் பிறகு, 1750 வாக்கில்தான், அச்சுக்கலையில் இறங்கினார். வயிற்றுப்பாட்டுக்காக வந்தவர் அல்லர் என்பதால் அவசரமும் இல்லை. முதல் நூலான, பண்டைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைத் தொகுப்பு 1757இல்தான் வெளிவந்தது.

அன்று இங்கிலாந்தில் செல்வாக்குடன் இருந்தவை லண்டனின் வில்லியம் கேஸ்லன் வார்த்த எழுத்துகள். பட்டைமுனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதினால் ஆங்கில ‘ஓ’ போன்ற வட்ட எழுத்தின் மெலிந்த பகுதிகள் சற்றே சாய்ந்து விழும். கேஸ்லனின் எழுத்துகளில் அந்தச் சாய்வு தெரியும். பாஸ்கர்வில் அதை ஏறக்குறைய நிமிர்த்தினார், தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டினார், செரிஃபுகளைக் கூர்மையாக்கினார். சிறிய ‘ஜி’யின் கீழ்வளையம் மூடாமல் நிற்பதும், பெரிய ‘க்யூ’வின் வால் வீசி நீள்வதும் கையெழுத்துக் கலைஞரின் பழக்கம் உலோகத்திலும் தொடர்ந்ததற்கு அடையாளங்கள் என்றே நான் நினைக்கிறேன். அவர் வரைந்தவற்றை எஃகில் செதுக்கிக் கொடுத்தவர் ஜான் ஹேண்டி. ஹேண்டியின் பெயரை எழுத்துருப் பட்டியல்களில் காண்பது அரிது.

ஆனால் இத்தனை மெல்லிய கோடுகளை அன்றைய தாள் தாங்காது. கம்பிவரிகள் பதிந்த மேடுபள்ளமான தாளில், அச்சு நன்றாக விழ வேண்டுமென்றால் எழுத்தை ஆழமாக அழுத்த வேண்டும். அழுத்தினால் மை பரவிக் கோடு தடித்துவிடும். எனவே நெசவுத்துணிபோல் நுண்ணியதாகப் பின்னிய கம்பிவலையில் வார்த்த, வரிகளற்ற புதுவகைத் தாளை ஜேம்ஸ் வாட்மனின் ஆலையிலிருந்து பெற்று வர்ஜில் நூலின் ஒரு பகுதிக்குப் பயன்படுத்தினார். மையை இன்னும் கருமையாகக் காய்ச்சினார். அச்சான தாள்களைச் சூடேற்றிய செப்புத் தகடுகளுக்கிடையே வைத்து அழுத்தி வழவழப்பாக்கினார்.

அந்தப் பளபளப்பும் கருமையும் கண்ணைக் கெடுக்கும் என்று லண்டனில் பேச்சு கிளம்பியது. அவருடைய நண்பர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1760இல் எழுதிய கடிதம் ஒன்றில் இதைப் பற்றிய வேடிக்கை இருக்கிறது. பாஸ்கர்வில்லின் எழுத்தைக் குறைசொன்ன ஒருவரிடம், கேஸ்லனின் மாதிரித்தாளில் பெயரை மட்டும் கிழித்துவிட்டு, பாஸ்கர்வில்லுடையது என்று காட்டினாராம் ஃபிராங்க்ளின். குறைசொன்னவரும் எழுத்தெழுத்தாகக் குற்றம் கண்டுபிடித்தாராம். இன்றும் எழுத்துரு விமர்சனங்கள் பலவற்றைப் படிக்கும்போது அந்தக் கிழிந்த தாள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

1763இல் கேம்பிரிட்ஜில் அச்சிட்ட பைபிள் அவருடைய ஆகச்சிறந்த பணி என்று போற்றப்பட்டாலும் விற்பனையில் தோற்றது. 1775இல் அவர் இறந்தபின், மனைவி சாரா அச்செழுத்துகளைப் பிரெஞ்சு நாடகாசிரியர் பொமார்ஷேவுக்கு விற்றார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் வோல்தேரின் தொகுப்பு நூல்கள் அவற்றில் அச்சாயின. எஃகில் செதுக்கிய அந்த மூல அச்சுகள் பல கைகள் மாறி, 1953இல்தான் இங்கிலாந்துக்குத் திரும்பி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தை அடைந்தன.

சாராவின் முந்தைய பெயர் ஈவ்ஸ். பாஸ்கர்வில் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்து, 1764இல் அவரை மணந்தவர். 1996இல் சூசானா லிக்கோ பாஸ்கர்வில்லைத் தழுவி வடிவமைத்த எழுத்துருவுக்கு ‘மிஸஸ் ஈவ்ஸ்’ என்று பெயரிட்டார். அதில் தடிப்பு வேறுபாடு குறைவு. அழுத்தி அச்சிட்டபோது மை பரவித் தடித்த கோடுகளைப் போலவே அதன் கோடுகள் வரையப்பட்டுள்ளன.

அதையே போட்டிருந்தால் என் கைத்தாள் பிழைத்திருக்கும். ஆனால் எனக்கு அந்தக் கூர்மைதான் வேண்டியிருந்தது. ஆகவே தாளை மாற்றினேன். வழவழப்பான தாளில் வந்த இரண்டாவது மாதிரியில், ‘ஜி’யின் திறந்த வளையம் மயிரிழை பிசகாமல் விழுந்திருந்தது.