ஒரு பக்கம் செடி, மறுபக்கம் பூச்சி: கோத்தகிரிச் சோலைகளில் கோடு போட்டுப் பார்த்தது

எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று கோத்தகிரிப் பக்கம் இரண்டு இடங்களில் உட்கார்ந்து குறித்து வருகிறேன். முதலாவது லாங்வுட் சோலை (மலைப் பள்ளங்களில் அடர்ந்து வளரும் பசுமைக் காட்டைத்தான் இங்கே சோலை என்கிறோம்). 116 ஹெக்டேர், 2024 ஜனவரியில் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இன்னொன்றுக்குப் பெயரே கிடையாது. தேயிலைக்கு நடுவே, ஓடைப் பள்ளத்தில் வெட்டாமல் விட்ட துண்டுச் சோலை. இந்த முனையில் நின்று கூப்பிட்டால் அந்த முனையில் கேட்கும், அவ்வளவுதான் நீளம். தோட்டத்துக்காரரிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். லாங்வுட்டில் அனுமதி வாங்கி, ஓரத்துப் பாதையோடு நிறுத்திக்கொள்கிறேன். அதுவும் நல்லதுதான். சோலை ஓரத்தில் வெயில் விழும், பூ அதிகம். ஓரத்தை ஓரத்தோடு ஒப்பிட்டால்தான் கணக்கு சரியாக வரும்.

முறை எளிது. நோட்டில் இடப்பக்கம் செடிகள், வலப்பக்கம் பூச்சிகள். ஒரு பூச்சி பூவில் இறங்கி மகரந்தத்தையோ சூல்முடியையோ தொட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. திரும்பத் திரும்ப வந்தால் கோடு தடிக்கும். ஒரு பூங்கொத்தின் முன் கால் மணி நேரம், பிறகு அடுத்தது. வெயில் ஏறி, மூடுபனி இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். மூடுபனியில் ஈ கூடப் பறப்பதில்லை. இரண்டு இடத்திலும் ஒரே அளவு நேரம் பார்ப்பதில் மட்டும் கறாராக இருக்கிறேன். அதிக நேரம் பார்த்த இடத்தில் அதிகக் கோடு விழுவது இயல்பு. அதை வைத்துக்கொண்டு 'பெரிய காட்டில் உறவுகள் அதிகம்' என்று சொன்னால், அது காட்டைப் பற்றிய செய்தி அல்ல, என் பொறுமையைப் பற்றிய செய்தி.

பூச்சிகளைப் பிடிப்பதில்லை. கைப்பேசியில் படம் எடுத்து, உயிரினங்களின் பெயர் கண்டுபிடிக்க உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடுகிறேன். தேனீக்களுக்கு ஓரளவு பெயர் கிடைத்துவிடுகிறது. ஈக்களில் பாதி என் நோட்டில் 'மஞ்சள் வரி ஈ', 'பச்சை மினுக்கு ஈ' என்றுதான் நிற்கின்றன. கோடு போட அது போதும். ஒரே ஈயை இரண்டு பெயரில் எழுதாமல் இருந்தால் சரி.

வசந்தத்தில் ஊசிகளாப் புதர்கள் மஞ்சளாகப் பூத்தபோதுதான் முதல் முழுப் பக்கம் நிறைந்தது. இந்தப் பூவை ஒரு தரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பூச்சியின் நாக்கு உள்ளே பட்டதும் மகரந்தத் தாள்கள் சட்டென்று உள்பக்கம் மடங்கி அதன் முகத்தில் மகரந்தத்தை அப்பும். காம்பு நுனியால் தொட்டாலும் மடங்கும். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அந்தப் புதரை விட்டு நகர மாட்டார்கள். லாங்வுட் ஓரத்தில் இதற்கு நாட்டுத்தேனீ வந்தது, சிறிய கருந்தேனீக்கள் வந்தன, தேனீ வேடம் போட்ட வரி ஈக்கள் இரண்டு மூன்று வகை வந்தன. துண்டுச் சோலையிலும் புதர் அதேபோல் பூத்துக் குலுங்கியது. வந்தவை நாட்டுத்தேனீ, நாட்டுத்தேனீ, மறுபடியும் நாட்டுத்தேனீ. எப்போதாவது ஒரு ஈ.

நோட்டில் துண்டுச் சோலைக்கான பக்கத்தைப் பார்த்தால், வலப்பக்கம் ஒரே ஒரு பெயரிலிருந்து எல்லாச் செடிகளுக்கும் கோடு விரிகிறது. மற்ற பெயர்களுக்கு ஆளுக்கு ஒன்று, அதுவும் ஒல்லியாக. லாங்வுட் பக்கத்திலும் நாட்டுத்தேனீயின் கோடுகள்தான் தடிமன். ஆனால் அதன் கீழே ஒரு சின்ன நெரிசல் இருக்கிறது. இரண்டு பூவுக்கு மட்டும் போகும் பூச்சி, ஒரே பூவுக்குப் போகும் பூச்சி என்று. அந்த நெரிசல்தான் துண்டுச் சோலையில் காணாமல் போயிருக்கிறது. செடிகளின் பட்டியலை மட்டும் எடுத்திருந்தால் இரண்டு இடமும் ஏறக்குறைய ஒன்று என்றுதான் எழுதியிருப்பேன்.

அர்ஜெண்டினாவில் தாண்டிலியா மலைகள் என்று உண்டு. பம்பாஸ் சமவெளியில், பயிர் நிலங்களுக்கு நடுவே தனித்தனியாக நிற்கும் குன்றுகள். அங்கே 12 குன்றுகளில் மார்செலோ ஐசன் என்ற சூழலியலாளரும் அவருடன் இருந்தவர்களும் இதே கோட்டுக் கணக்கைப் போட்டார்கள். குன்று சிறுக்கச் சிறுக்க இனங்கள் குறைகின்றன, ஆனால் இனங்களை விட வேகமாக உறவுகள் குறைகின்றன. முதலில் அறுந்து போவது அபூர்வமாக நடக்கும் உறவுகளும், வேறு துணை அதிகம் இல்லாத இனங்களின் உறவுகளும். 1974இலேயே டான் ஜான்சன் என்ற சூழலியலாளர் இதைச் சொல்லிவிட்டார்: இனம் அழிவது கண்ணுக்குத் தெரியும், இனங்களுக்கு இடையிலான உறவு அழிவது தெரியாது. இல்லினாயில் கார்லின்வில் என்ற ஊரைச் சுற்றி 1800களின் கடைசியில் சார்லஸ் ராபர்ட்சன் என்ற ஒரே மனிதர் எழுதி வைத்த பூ–பூச்சிக் குறிப்புகளை வைத்து, 2009–10இல் அதே இடத்தில், அதே 26 வசந்தகாலச் செடிகளைத் திரும்பப் பார்த்தார்கள். 109 தேனீ இனங்களில் ஏறக்குறைய பாதி இல்லை. பழைய 532 உறவுகளில் மிஞ்சியது 24 சதவீதம். இதைப் படித்த அன்று என் நோட்டுக்கு அட்டை போட்டேன்.

மழை விட்ட பிறகு ஆஸ்பெக்கியா. ஓடை ஓரத்திலும் புல் மேட்டிலும் ஊதா நிறத்தில் பூக்குமே, அதுதான். இதன் மகரந்தப் பைகள் நீளவாக்கில் வெடிப்பதில்லை. நுனியில் ஊசித் துளை மட்டும்தான். மகரந்தம் வேண்டுமென்றால் பூவைக் கட்டிப் பிடித்து, இறக்கை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிர வைக்க வேண்டும். உப்புச் சாடியைக் குலுக்குவது போல. மரத்தில் துளை போடும் கருவண்டும் (பெயர்தான் வண்டு, இதுவும் தேனீ வகை), வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீயும் இதைச் செய்யும். பூவில் உட்கார்ந்ததும் சத்தம் சட்டென்று சுருதி ஏறும். கண்ணை மூடிக்கொண்டு கூட எண்ணலாம். நாட்டுத்தேனீக்கு இந்த வித்தை வராது. இதழில் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும்.

துண்டுச் சோலையில் ஆஸ்பெக்கியாவுக்கு வந்தவை பெரும்பாலும் இந்தப் பொறுக்கிப் போகும் நாட்டுத்தேனீக்கள்தான். கருவண்டு அபூர்வம். நீலப் பட்டையை நான் பார்க்கவே இல்லை. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. கருவண்டுக்குக் கூடு வைக்கப் பட்ட மரம் வேண்டும். அங்கே காய்ந்து விழும் கிளை அன்று சாயங்காலமே விறகாகிவிடுகிறது. நீலப் பட்டைத் தேனீ மண் திட்டில் குடையும். ஓடையின் ஒரு கரையைக் கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். பூ இருக்கிறது, வீடு இல்லை.

இந்த இடத்தில் எனக்கே என் கோடுகள் மேல் சந்தேகம் வந்தது. பூச்சி வந்தால் கோடு போடுகிறேன், ஆனால் வந்ததெல்லாம் வேலை செய்கிறதா? அதனால் நகைக்கடையில் தரும் மெல்லிய வலைப்பைகளை வாங்கி, சில மொட்டுகளுக்குக் கட்டினேன். பக்கத்திலேயே சிலவற்றைத் திறந்தபடி நூல் அடையாளத்தோடு விட்டேன். மூடிய பூவில் காய் பிடித்தால் அந்தச் செடி தன்னையே நம்பி இருக்கிறது, பிடிக்காவிட்டால் பூச்சியை நம்பி இருக்கிறது. லாங்வுட் ஓரத்தில் திறந்த பூக்கள் மூடியவற்றைவிடத் தெளிவாக அதிகம் காய்த்தன. துண்டுச் சோலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டும் குறைவு. இரண்டே இடம், ஒரே பருவம்; இதை வைத்து விதி எழுத முடியாது. ஆனாலும் தடித்த கோடு என்றால் நல்ல உறவு என்று இப்போது நான் எழுதுவதில்லை.

பைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது கொழுந்து பறிக்க வந்த அக்கா ஒருவர் நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, பூவுக்கு முகமூடியா?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கீழ ஓடையில மாடு நிக்குது, அந்தப் பக்கம் போயிராதீங்க" என்றார். "முன்னாடி இந்த மேட்டுல எல்லாம் புல்லுதான் இருந்துச்சு. தவுட்டுப் பழம் பறிச்சுத் தின்போம். இப்ப சீகையும் தேயிலையும்."

அந்த அக்கா சொன்னதுதான் இத்தனை நாளாக நான் படித்ததில் கிடைக்காதது. காடு துண்டாதல் பற்றிய ஆராய்ச்சிகள் பலவும் முன்பு ஒரே காடாக இருந்து பிறகு வெட்டுப்பட்ட இடங்களைப் பற்றியவை. நீலகிரி அப்படி அல்ல. இங்கே சோலை எப்போதுமே துண்டுதான். பள்ளத்தில் சோலை, மேட்டில் புல்வெளி, மறுபடி பள்ளத்தில் சோலை. அந்தப் புல்வெளியில் ஆஸ்பெக்கியா உண்டு, அக்கா சொன்ன தவுட்டுப் பழம் தரும் தவிட்டுக்கொய்யா உண்டு, மஞ்சள் ஹைபெரிகம் உண்டு, 12 வருடத்துக்கு ஒருமுறை குறிஞ்சி உண்டு. (2018இல் பூத்தது, இனி 2030. அதுவரை என் படத்தில் குறிஞ்சிக்கு இடம் காலி.) ஒரு சோலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் பூச்சிக்கு வழியெல்லாம் சாப்பாடு இருந்தது. சிறிய தேனீக்கள் கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் போவதில்லை. அவற்றுக்கு வழியில் பூ வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) வந்தன, தேயிலை பரவியது. சோலையின் அளவு அப்படியே இருந்தாலும் நடுவில் இருந்தது மாறிவிட்டது. அதனால் இந்த மலையில் 'எத்தனை ஹெக்டேர் மிச்சம்' என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி என்பது என் எண்ணம்.

நடுவில் இருப்பது வெறும் பாலையும் அல்ல. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் பூக்கும் காலத்தில் தோட்டம் முழுக்க ரீங்காரம். கவாத்து பண்ணாமல் விட்ட தேயிலை வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதில் நாட்டுத்தேனீயும் ஈக்களும் மொய்க்கும். கொழுந்து கிள்ளிக்கொண்டே இருக்கும் தோட்டத்தில் அந்தப் பூ அதிகம் வராது. கற்பூர மரமும் தேன் தரும். இவையெல்லாம் எதற்கும் போகும் பூச்சிக்கு நன்றாகவே உதவுகின்றன. துண்டுச் சோலையில் நாட்டுத்தேனீ ஆட்சி செய்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

சோலை உள்ளே நீண்ட வால் வைத்த காசித்தும்பைகளை இன்னும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அந்த வாலின் அடியில் இருக்கும் தேனுக்கு நீண்ட நாக்கு வேண்டும். வண்ணத்துப்பூச்சியோ பருந்து அந்துப்பூச்சியோ வர வேண்டும். அந்துப்பூச்சிக்காக அந்தி நேரத்தில் உட்கார வேண்டும், கரடி நடமாடும் நேரமும் அதுதான். அதனால் தோட்டத்துக் காவலாளி கூட வரும் நாட்களில் மட்டும் துண்டுச் சோலையில் முயல்வதாக இருக்கிறேன்.

அடுத்த மழைக்கு முன் இன்னொரு வேலை. துண்டுச் சோலைக்கும் அதற்கு மேலே இருக்கும் இன்னொரு துண்டுக்கும் நடுவே, சீகை வெட்டிய ஒரு விளிம்பு சும்மா கிடக்கிறது. அங்கே ஊசிகளாவும் தவிட்டுக்கொய்யாவும் ஆஸ்பெக்கியாவும் நட்டுக்கொள்ளத் தோட்டத்துக்காரர் சம்மதித்திருக்கிறார். பட்ட மரக் கட்டைகள் நான்கைந்தை விறகுக்கு எடுக்காமல் போட்டு வைக்கவும் கேட்டிருக்கிறேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.